வெறுங்கால் வண்டி

“சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்!”

வக்கீல் மேஜையைத் தட்டிய வேகத்தில் தண்ணீர் தம்ளர் ஒருமுறை துள்ளி அடங்கியது.

“உங்க கட்சிக்காரன் கார் ஏத்தி ஒரு ஆளைக் கொல்லுவான். ஜெயிலுக்குப் போக மட்டும் ஒரு அப்பாவி டிரைவரை அனுப்புவான். அந்தப் பித்தலாட்டத்துக்கு முடிவு கட்டத்தான் எங்க ஆட்சி புதுச் சட்டம் கொண்டு வந்துச்சு. கசக்குதா? நல்லா கசக்கட்டும்!”

“அது சட்டமே இல்லீங்க... கறுப்புச் சட்டம்!” எதிரே உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சி வக்கீல் சீறினார். “சுத்த அரசியல் பழிவாங்கல்! அதனாலதான் அதை நடுரோட்டுல வச்சுக் கொளுத்தினோம்!”

“காகிதத்தைக் கொளுத்தினா சட்டம் சாம்பலாயிடாது சார்!”

அந்த நேரம் பார்த்து...

வக்கீலின் கோட்டுப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

நெறியாளர் கையை உயர்த்தினார். “அனல் பறக்கும் விவாதம்... சின்ன இடைவேளைக்குப் பிறகு!”

ஸ்டுடியோவில் காமிராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. அணைந்த மறுநொடி இரண்டு எதிரிகளும் நண்பர்கள் ஆனார்கள்.

“பாயின்ட்டு... நெத்தியில மேக்கப் வழியுதுடா. துடைச்சுக்க.” எதிர்க்கட்சி வக்கீல் தன் கைக்குட்டையை நீட்டினார்.

சட்டக் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். எதைக் கேட்டாலும் ‘பாயின்ட் என்னன்னா...’ என்று ஆரம்பிக்கும் வக்கீலுக்கு அங்கே ஒட்டிய பட்டப்பெயர் இன்றுவரை உதிரவில்லை.

வக்கீல் ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

‘அண்ணன்.’

கட்சியே அவரை அப்படித்தான் கூப்பிடும். கட்டடத் துறை அமைச்சர். கோர்ட் வாசலில் கேஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்த வக்கீலைத் தூக்கி டி.வி. நாற்காலியில் உட்காரவைத்தவர்.

“சொல்லுங்கண்ணே...”

மறுமுனையில் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது!

“வக்கீலே... ஒரு பொணம் விழுந்துருச்சுய்யா...”

வக்கீலின் பார்வை எதிரே இருந்த டி.வி. திரைக்குப் போனது. அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘அரசு மருத்துவமனையின் புதுக் கட்டடப் பொறியாளர் கார் மோதிப் பலி... கூரை இடிந்தது பற்றி நாளை விசாரணைக் கமிஷனில் சாட்சி சொல்லவிருந்தவர்...’

“யாரு வண்டிண்ணே?”

“நம்ம வண்டி...”

லைன் அறுந்தது.

“என்னடா, முகமே வெளுத்துப்போச்சு?” என்றார் நண்பர்.

“மேக்கப்!” என்றார் வக்கீல்.

*

அமைச்சர் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் காரை இரண்டு தொண்டர்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பம்பரைத் தேய்த்தான். இன்னொருவன் டயருக்குத் தண்ணீர் பீய்ச்சினான்.

வக்கீல் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

வாசல்படியில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். அந்த வீட்டில் அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் காலணி கிடையாது. அந்தக் காரிலும் கிடையாது. டிரைவர் வெறுங்காலோடுதான் ஓட்டுவான். பெற்ற மகனே ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான்.

அண்ணன் மட்டும் அதே பழைய தோல் செருப்போடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முதல் தேர்தலில் ஜெயித்தபோது போட்டிருந்த செருப்பு. ராசியான செருப்பு. அடித்தோல் தேயத் தேயத் தைத்துப் போட்டுக்கொள்வாரே தவிர, மாற்ற மாட்டார்.

“என் பையன்தான்யா...” அண்ணனின் குரல் உடைந்தது. “சாயங்காலம் டிரைவரை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டு சாவியை வாங்கிட்டுப் போயிட்டான். கட்டடத்துப் பக்கம் ஒரே இருட்டாம். ஆளு குறுக்க வந்துட்டாருன்னு சொல்லி அழறான். எனக்கு ஒரே புள்ளைய்யா!”

“குறுக்க வந்தவரு நாளைக்கு உங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல வேண்டியவராச்சேண்ணே...”

அண்ணனின் அழுகை சட்டென்று நின்றது.

“சந்தேகப்படறியா வக்கீலே?”

“ஐயோ, இல்லண்ணே!”

அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வக்கீல் அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவும் செய்தார். ஆனால் கவனித்ததை மென்று விழுங்கிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் நன்றாகப் பழகியிருந்த வித்தை அது.

“எங்கிட்ட என்னண்ணே எதிர்பார்க்கறீங்க?”

“இதென்னய்யா கேள்வி? வழக்கமா பண்றதுதான். சரண்டர் ஆக ஒரு ஆளு.”

“அண்ணே... பாயின்ட் என்னன்னா, இப்பப் புதுச் சட்டம் இருக்கு. நானே எழுதினது. தப்புப் பண்ணினவனுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பினா, அனுப்பினவனுக்கு அந்தக் குத்தத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை.”

அண்ணன் அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அது அவங்களுக்குப் போட்ட சட்டம்யா! நமக்கா போட்டோம்?”

எழுதும்போது வக்கீலும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

“ஆளு யாருண்ணே?”

“உன் மச்சினன்.”

வக்கீல் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

“அவன்தானேய்யா என் டிரைவரு? வேற எவன் போய் நின்னாலும் போலீஸ் நம்புமா? வெறும் ஆக்சிடென்ட் கேஸ். ஒரே வாரத்துல ஜாமீன் வாங்கிடுவே. வெளிய வந்ததும் அவனுக்கு அரசாங்க வேலை. உனக்கு...” அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அரசுத் தலைமை வக்கீல் நாற்காலி அடுத்த மாசம் காலியாகுதுல்ல?”

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார் வக்கீல்.

“சரிண்ணே,” என்றது வாய்.

*

காலையில் வக்கீலின் ஆபீஸ் அறையே காராகிவிட்டது.

நாற்காலிதான் டிரைவர் சீட். மச்சினன் கையில் பிடித்திருந்த எவர்சில்வர் தட்டு, ஸ்டீயரிங். அவன் நல்ல உயரம். முழங்கால் மேஜையில் இடித்தது.

“சொல்லு. வண்டியை எடுத்துட்டு எதுக்குப் போனே?”

“பெட்ரோல் போட மாமா.”

“ஆளைப் பார்த்ததும் என்ன பண்ணினே?”

“பிரேக் போட்டேன் மாமா.”

“போட்டே, ஆனா புடிக்கலை. செருப்பு நழுவி பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. புரியுதா? செருப்பு மாட்டிக்கிச்சு. பயந்துபோய் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்திட்டே. வீட்டுல யாருக்கும் சொல்லலை. இந்த இடத்துல தலையைக் குனிஞ்சுக்கணும்.”

புதுச் சட்டம் வருவதற்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அவர் சொல்லிக்கொடுத்த அதே செருப்புதான். ஒரு கோர்ட்டிலும் அது தவறியதில்லை.

மச்சினன் தட்டைத் தாழ்த்தினான். “மாமா... அந்தச் செருப்பு...”

“நடுவுல பேசாதே! நான் சொல்றதை எழுத்துப் பிசகாம ஒப்பிக்கணும். சொந்தச் சரக்கு எதுவும் வேண்டாம்!”

மச்சினன் வாயை மூடிக்கொண்டான்.

வாசலில் வளையல் சத்தம். வக்கீலின் மனைவி நின்றிருந்தாள்.

“என்னங்க... என் தம்பி என்ன தப்புப் பண்ணினான்?”

“ஒண்ணும் பண்ணலை.”

“அப்புறம் எதுக்கு உங்க முன்னாடி தட்டைப் புடிச்சிட்டு உட்கார்ந்திருக்கான்? இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

“சின்ன கேஸ். நான் இருக்கேன்ல?”

“நீங்க இருக்கீங்கன்னுதாங்க பயமா இருக்கு.”

வக்கீல் சட்டைப் பொத்தானைச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“அம்மா போனப்புறம் நான் இடுப்புல தூக்கி வளர்த்த புள்ளைங்க அவன்...”

“அக்கா, நீ சும்மா இரு,” என்று சிரித்தான் தம்பி. “மாமா இருக்கறப்ப எனக்கென்ன பயம்?”

*

இன்ஸ்பெக்டர் அம்மா குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கதை கேட்டார்.

மச்சினன் ஒப்பித்தான். பெட்ரோல்... இருட்டு... பிரேக்... செருப்பு. சரியான இடத்தில் தலையைக் குனிந்தான்.

“எந்தக் கால் செருப்பு தம்பி?”

“வலது கால், மேடம்.”

“தோல் செருப்பா? ரப்பரா?”

மச்சினன் வக்கீலைப் பார்த்தான். அது ஒத்திகையில் இல்லை.

“என் கட்சிக்காரர் அதிர்ச்சியில இருக்காரு மேடம்,” என்றார் வக்கீல்.

“நானும்தான் சார் அதிர்ச்சியில இருக்கேன்.” இன்ஸ்பெக்டர் தன் ஃபோனை மேஜைமேல் வைத்துத் தட்டினார். “இது நீங்கதானே? போன மாசம் டி.வி.ல...”

ஃபோனுக்குள் வக்கீல் கையை வீசி முழங்கினார்.

‘எங்க அண்ணன் வண்டியில எவனும் செருப்புக் காலோட ஏற மாட்டான் சார்! டிரைவர்லேர்ந்து பெத்த மகன் வரைக்கும் வெறுங்கால்தான்! அதுக்குப் பேர் அடிமைத்தனம் இல்லை சார்... மரியாதை!’

வக்கீலுக்குக் காது சுட்டது. இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படிப் பார்க்காமல் விட்டோம்? நேற்று அந்த வீட்டு வாசலில்தானே ஷூவைக் கழற்றினோமே!

“தம்பி, வெளிய பெஞ்ச்ல உட்காருப்பா,” என்றார் இன்ஸ்பெக்டர். கதவு மூடியதும் ஒரு புகைப்படத்தை நகர்த்தினார். “வண்டியைப் பிரமாதமா கழுவிட்டீங்க சார். பம்பர்ல ஒரு பொட்டு ரத்தம் இல்லை. ஆனா பிரேக் பெடலைக் கழுவலை. ஏன் தெரியுமா?”

வக்கீல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்த வண்டியில பெடலைக் கழுவற பழக்கமே கிடையாது. எல்லாரும் வெறுங்கால்தானே... அது எங்க அழுக்காகப் போகுது?”

படத்தில் பெடல். பெடல்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிப் போயிருந்தது. அதில் வரிவரியாகத் தையல் தடம்.

“ஆளு விழுந்த இடத்துல ஈர சிமென்ட் கொட்டிக் கிடந்துச்சு. கீழ இறங்கி அதை மிதிச்சுட்டு வந்து பிரேக்கை மிதிச்சிருக்கு ஒரு தோல் செருப்பு. சிமென்ட் கல்லாயிடுச்சு. அச்சு எடுத்த மாதிரி இருக்கு பாருங்க.”

“அண்ணன் பையன்...” வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஓ... பையன்னு சொன்னாரா?” இன்ஸ்பெக்டர் பரிதாபமாகப் பார்த்தார். “பெத்த மகன் வரைக்கும் வெறுங்கால்தான்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார். அந்த வண்டியில செருப்புப் போடற உரிமை யாருக்கு இருக்கு?”

அண்ணனுக்கு மட்டும்தான்.

‘லாரி ஓட்டி முன்னுக்கு வந்த கை இது!’ என்று மேடைக்கு மேடை கையைத் தூக்கிக் காட்டுகிறவர் அண்ணன். தன் தோலைக் காப்பாற்றப் பெற்ற மகன்மேலேயே பழியைப் போட்டு அழுதிருக்கிறார்!

“இன்னொண்ணு சார். வண்டி ஒரு தடவை மோதலை. மோதி, ரிவர்ஸ் எடுத்து, திரும்ப ஏத்தியிருக்கு. டயர் தடம் தெளிவா இருக்கு. இது விபத்து இல்லை... கொலை! ஒப்புக்கிட்டு உட்கார்ந்திருக்கறது உங்க மச்சினன்.”

“மேடம், அவன் அப்பாவி! அமைச்சரைப் புடிங்க!”

“அந்தச் செருப்பு வேணுமே! அமைச்சர் வீட்டுக்குள்ள நுழைய மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கேன். அது வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்.” இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். “ஆனா உங்க சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. அனுப்பினவன் தானா வந்து மாஜிஸ்ட்ரேட் முன்னாடி ஒப்புக்கிட்டா, பதிலாச் சரண்டர் ஆனவன் விடுதலை. அனுப்பினவனுக்குக் கொலைக்கு உண்டான தண்டனை. இதுவரைக்கும் அந்தப் பிரிவுல ஒருத்தன்கூட வரலை சார்.”

எதிர்க்கட்சி வக்கீல் எவனாவது பயந்து வந்து சிக்குவான் என்று, வக்கீலே ராத்திரி உட்கார்ந்து ஆசை ஆசையாக எழுதிய பிரிவு அது.

*

ஸ்டேஷன் வராந்தாவின் மூலையில் நின்று வக்கீல் ஃபோன் போட்டார்.

“அண்ணே... கொலைன்னு போடறாங்க!”

“அப்படியா?” அண்ணன் குரலில் அழுகை சுத்தமாக இல்லை. “சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்யா.”

“வண்டி ஓட்டினது உங்க பையன் இல்லை. நீங்க.”

“யாரு சொன்னா?”

“உங்க செருப்பு.”

“வக்கீலே...” குரல் மெதுவாக வந்தது. “உன் சட்டை, உன் வீடு, உன் டி.வி. நாற்காலி... எல்லாம் நான் குடுத்தது. மச்சினன் ஒருத்தன் போனா போறான். யோசிச்சுப் பேசு.”

ஃபோன் செத்தது.

பெஞ்சில் மச்சினன் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மாமாவைப் பார்த்ததும் எழுந்தான்.

“சரியாச் சொன்னேனா மாமா? ஒரு எழுத்துகூட விடலை.”

“சரியாத்தான்டா சொன்னே. காலைல... செருப்புன்னு என்னமோ ஆரம்பிச்சியே?”

“அதுவா? நாங்கதான் செருப்பே போட மாட்டோமேன்னு சொல்ல வந்தேன். நீங்க நடுவுல பேசாதேன்னுட்டீங்க. மாமாவுக்குத் தெரியாததா என்னன்னு விட்டுட்டேன்.”

வக்கீல் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூசியது. உடம்பெல்லாம் கூசியது. அந்த நாற்காலியில் தட்டைப் பிடித்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களின் முகங்களை நினைத்துப் பார்க்க முயன்றார். ஒன்றுகூட வரவில்லை. செருப்பு மாட்டிக்கொண்ட கதை மட்டும்தான் ஞாபகம் வந்தது. அவர்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள். அவளும் வாசலில் நின்று ‘என் தம்பி என்ன தப்புப் பண்ணினான்’ என்று கேட்டிருப்பாள்.

எவனும் தன் வீட்டுப் பிள்ளை இல்லை என்பதால் அவருக்குத் தூக்கம் வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மனைவிக்கு ஃபோன் செய்தார்.

“உன் தம்பி சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவான்.”

“நீங்க?”

“நான் வர... நாளாகும்.”

அவள் அழவில்லை.

“துணிமணி எடுத்துட்டு வரேங்க,” என்றாள்.

வக்கீல் நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனார்.

“மேடம், மாஜிஸ்ட்ரேட்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்தப் பிரிவுக்கு முதல் ஆள் வந்தாச்சு.”

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். ஒரு குற்றவாளிக்காக அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“ஆயுள் தண்டனை சார்...”

“தெரியும். குறைச்சுப் போடலாமான்னு அன்னைக்குக் கேட்டாங்க. நான்தான் கூடாதுன்னேன்!” வக்கீல் கைகளைப் பிசைந்தார். “பாயின்ட் என்னன்னா மேடம்... அந்தச் செருப்பை அவர் தூக்கிப் போட மாட்டாரு. அது போனா பதவி போயிடும்னு பயம். அதைக் கழட்டற இடம் ஒண்ணே ஒண்ணுதான். தனக்கு மேல ஒருத்தர் வீட்டு வாசல்.”

*

மத்தியானத்துக்குள் ஊரே தலைகீழானது.

வக்கீலின் வாக்குமூலம் வெளியே வந்தது. மச்சினனுக்கு விடுதலை. வக்கீல் கட்சியிலிருந்து நீக்கம். ‘இந்தக் கறுப்புச் சட்டத்தை உடனே திரும்பப் பெற வேண்டும்’ என்று ஆளுங்கட்சியே அறிக்கை விட்டது. அண்ணனைக் கூப்பிட்டுப் பதவி விலகச் சொன்னதாம் மேலிடம். அண்ணனையே காணவில்லையாம்.

ஸ்டேஷனுக்குள் கறுப்பு கோட்டோடு ஓடி வந்தார் எதிர்க்கட்சி வக்கீல்.

“பாயின்ட்டு! கவலைப்படாதே! உனக்கு நான் ஆஜராகறேன். எங்க தலைமையே அனுப்பியிருக்கு! என்னமா சட்டம் எழுதியிருக்கேடா... தங்கமான சட்டம்!”

“நேத்து கொளுத்தினீங்களே?”

“அது நேத்து.”

அவர் ஃபோன் அடித்தது. எடுத்தார். கேட்டார். முகம் மாறியது. “சரிங்க... சரிங்க தலைவரே...” என்று இரண்டு தடவை சொல்லி வைத்தார்.

“என்னடா?” என்றார் வக்கீல்.

“உங்க அண்ணன்... இப்பதான் எங்க கட்சியில சேர்ந்தாராம். நான் அவருக்கு ஆஜராகணுமாம்.”

“அப்ப என் சட்டம்?”

எதிர்க்கட்சி வக்கீல் பெருமூச்சு விட்டார். “கறுப்புச் சட்டம்டா அது.”

வக்கீல் சிரித்துவிட்டார். பையிலிருந்து நேற்று அவர் கொடுத்த கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“வச்சுக்கடா,” என்றார் நண்பர். முதல் தடவையாக அவர் கண்ணைத் தாழ்த்தினார். “உனக்குத் தேவைப்படும்.”

“சார்! டி.வி.யைப் பாருங்க!” ஏட்டு கத்தினார்.

நேரலை. எதிர்க்கட்சித் தலைமை அலுவலகம். மாலையும் கழுத்துமாக அண்ணன் வெளியே வந்தார். புதுத் தலைவரின் காலைத் தொட்டுவிட்டு வந்த முகத்தில் ஒரே வெற்றிச் சிரிப்பு.

“மக்களுக்காக எடுத்த முடிவு! சட்டத்தின் ஆட்சியைக் காப்பாத்தறதுக்காக...”

படியில் கால் வைத்தவர் நின்றார். கீழே பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார்.

வெறுங்கால்!

“என் செருப்பு எங்கய்யா?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் காகிதப் பை.

“இது யாரோடது சார்?”

“என்னோடதுதாம்மா! முதல் எலக்‌ஷன்லேர்ந்து போடற ராசிச் செருப்பு! அதை எவன் தூக்கினான்? குடு இப்படி!”

“உங்களோடதுதானே? நல்லா பார்த்துச் சொல்லுங்க சார். வேற யாரும் இதைப் போட மாட்டாங்களே?”

“என் செருப்புல காலை விட எவனுக்கு இருக்கு தைரியம்?”

இருபது மைக்குகள் அதைக் கேட்டன.

இன்ஸ்பெக்டர் பையைத் திருப்பினார். காமிரா நெருங்கியது. அடித்தோல் தையல் முழுக்கச் சாம்பல் நிற சிமென்ட்!

அண்ணனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. பக்கத்தில் நின்ற புதுத் தலைவர் ஒரு படி பின்னால் போனார். அப்புறம் இன்னொரு படி.

“ஜீப்ல ஏறுங்க சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “எங்க வண்டியில யாரு வேணும்னாலும் செருப்போட ஏறலாம். ஆனா உங்க செருப்பு இப்ப சாட்சியாயிடுச்சே!”

ஸ்டேஷனில் எதிர்க்கட்சி வக்கீலின் ஃபோன் மறுபடி அடித்தது.

“எடுக்காதேடா,” என்றார் வக்கீல். “மறுபடியும் தங்கமான சட்டம் ஆயிருக்கும்.”

வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் தம்பியின் கை. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

“மாமா... நான் காலையிலேயே வாயைத் திறந்திருக்கணும் மாமா...”

“நீ திறந்தேடா. நான்தான் மூடினேன்.” வக்கீல் அவன் தோளைத் தொட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.

அவளே அருகில் வந்து பையைக் கொடுத்தாள். “சாப்பாட்டு நேரத்துக்கு வருவேன்,” என்றாள்.

ஏட்டு லாக்கப் கதவைத் திறந்தார். திறந்துவிட்டுத் தயங்கினார். தலையைச் சொறிந்தார்.

“சார்... தப்பா நினைச்சுக்காதீங்க. ஷூவைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். ரூல்ஸ்...”

வக்கீல் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக, ஜோடி கலையாமல் வைத்தார்.

“அதை எனக்கா சொல்லித் தர்றீங்க ஏட்டய்யா? இத்தனை வருஷமா நான் பண்ணின அரசியலே இதுதானே!”